அம்மன் இரவல் கொடுத்த அட்டிகை

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரின் துய்மா வீதியில் முசே லெயோன் தைரியநாதர் சேர்த்து வைத்திருந்த சிலைகளையும் படங்களையும் பார்க்க பிரான்சிலிருந்தே ஆட்கள் வருவார்கள். அவற்றுக்குக் காவல் அரியாங்குப்பத்துச் சாமிக்கண்ணு. மில் வேலை போன பிறகு கிடைத்த வேலை. பின்கட்டில் குடியிருக்க இடமும் உண்டு. முசே போட்டது ஒரே சட்டம்: தூசு தட்டலாம், தூக்கக் கூடாது.

அங்கே இருந்ததிலேயே உசத்தி, ஒரு பித்தளை அட்டிகை. இரும்பில் சிலை செய்கிற பாரிசுக்காரர் ஒருவர் தன் கையாலேயே கம்பியைத் தட்டிச் சுருட்டிச் செய்தது. ஒரு சுருள் ஜாங்கிரி மாதிரி, அடுத்தது கோபித்துக்கொண்ட பாம்பு மாதிரி. அதை ஒரு சாயங்காலம் மாட்டிப் பார்த்த மதாம் ஒருத்தி, அதன் கனத்தில் கழுத்து மடங்கி, அப்புறம் ஆயுசுக்கும் தரையைப் பார்த்தேதான் நடந்தாளாம்.

எழுபத்தெட்டாம் வருஷத்து மாசி மகத்தின்போது முசே பாரிசில் இருந்தார். அரியாங்குப்பத்தில் சாமிக்கண்ணு பிறந்த தெருவின் பூங்காவனத்தம்மனுக்கு நகை என்று இருந்தது ஒரு கறுத்த கவரிங் சங்கிலி. தர்மகர்த்தா முருகையனுக்கு அதே கவலை.

"பக்கத்துத் தெரு அம்மன் காசுமாலை போட்டுக்கினு வருது. நம்ம அம்மா இந்தக் கயித்தோட கடலுக்குப் போவணுமா? நீயுந்தான் பெரிய வூட்ல காவல் இருக்கற. இன்னா பிரயோசனம்?"

சாமிக்கண்ணுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாளைக்குத்தானே என்று அட்டிகையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆற்றுப்பாலம் தாண்டினார்.

வைத்திக்குப்பம் கடற்கரையில் அன்று மற்ற சாமிகளைச் சீந்த ஆளில்லை. வெயில் பட்டு அட்டிகை அடித்த மின்னலைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்து, பட்டப்பகலில் ஒரு கப்பல் கரைக்குத் திரும்பியது.

சாமி கோயிலுக்குத் திரும்பியதும் சாமிக்கண்ணு துண்டை விரித்தார்.

"கழட்டுங்க மாமா. கொண்டும்போய் வெச்சுடறேன்."

"அம்மாளுக்குச் சாத்துனதக் கழட்டறதா? நல்லா இருக்குதே!"

"ஐயோ, இரவல் மாமா!"

"அத அம்மா கிட்ட மொதல்லயே சொன்னியா?"

பூக்கட்டிக் கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தால் தருகிறாள், சிவப்பு வந்தால் இல்லை. சிவப்பு வந்தது. சாமிக்கண்ணு அழுததற்காக இன்னொரு தரம் எடுத்தார்கள். முன்னதைவிடச் சிவப்பாக வந்தது.

வேலையும் போயிற்று, வீடும் போயிற்று என்று மனைவி கன்னியம்மாள் சட்டிபானையை மூட்டை கட்டினாள். "இதத் தூக்கக் கூடாதுன்னு முசே சொல்லல இல்ல?" என்று ஒரு வார்த்தையும் விட்டாள்.

முசே வந்தார். பாரிசில் கண்காட்சி, அட்டிகையை எடுத்துப்போகத்தான் வந்தார். சாமிக்கண்ணு காலில் விழுந்து நடந்ததைச் சொன்னதும், தொப்பியை மாட்டிக்கொண்டு நேரே கோயிலுக்கு நடந்தார்.

"அது என் கலெக்சன்" என்றார் முருகையனிடம்.

முருகையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "இருந்திச்சு முசே. இப்ப அம்மாளோட கலெக்சன்."

முசே அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றார். இரவல் வாங்கிய எதையும் திருப்பிக் கொடுத்த வழக்கம் அவருக்கும் கிடையாது; வீட்டுப் படங்களில் பாதி அப்படி வந்தவைதான். சக சேகரிப்பாளரிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றினார்.

"கண்காட்சிக்கு மட்டும் இரவல் தருவாங்களா, கேளு."

வெள்ளைப் பூ வந்தது.

"ஆனா அம்மா நக தனியாப் போவாது, முசே. கூட ஆள் போவணும்" என்றார் முருகையன்.

இப்படித்தான் சாமிக்கண்ணு மப்ளர் சுற்றிக்கொண்டு, பாரிசில் எலுமிச்சம்பழம் கட்டிய கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். பெட்டிமேல் சீட்டு: 'உடைமை: மதாம் பூங்காவனத்தம்மாள், அரியாங்குப்பம்.' அந்த மதாம் ஏன் வரவில்லை என்று ஒரு சீமாட்டி கேட்டாள். முசே அதைத் தமிழில் சொல்ல, சாமிக்கண்ணு பதில் சொன்னார்:

"அவங்க வருஷத்துக்கு ஒரு தரந்தான் வெளிய கௌம்புவாங்க. அதுவும் நாலு பேரு தூக்குனாத்தான்."

முசே அதைப் பிரெஞ்சில் சொன்னதும், பெரிய இடம் என்றால் இதுவல்லவா என்று சீமாட்டி பெருமூச்சு விட்டாள்.

ஊர் திரும்பியதும் முசே சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"ஒன்ன வேலைய விட்டு நிறுத்தணும்னுதான் இருந்தேன். இப்ப நீ அந்தம்மாவோட ஆளாயிட்ட. எப்படி நிறுத்தறது?"

"வேணும்னா பூக்கட்டிப் பாத்துடலாங்களா, முசே?"

முசே வேண்டாம் என்றார்.