பிரீயின் மூக்கு

ஒடிலுக்கு ஒரே பிள்ளை, பாஸ்தியான். அவன் காதலித்ததிலோ, காதலி பிலிப்பைன்ஸ்காரியாக இருந்ததிலோ அவளுக்கு வருத்தமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பிரான்ஸின் லியோனிலேயே இருப்பதா, மணிலாவுக்குப் போவதா என்று இருவரும் இன்னும் முடிவு செய்யாததுதான் அவளை உறுத்தியது. முதல்முதலாகக் கடல் தாண்டி வந்திருக்கும் லிகாயாவை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலேயே மடக்கிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். சாப்பாட்டுக்கே பேர்போன ஊர்; லியோன்காரிக்கு வேறு என்ன ஆயுதம் தெரியும்?

முதலில் மீன் கொழுக்கட்டை வெண்ணெயில் மிதந்து வந்தது. லிகாயா கண்ணை மூடி ரசித்தாள். கடைசி வாயை மட்டும் தட்டிலேயே விட்டுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஒடிலின் முகம் சுருங்கியது. அந்த வீட்டில் ரொட்டியால் துடைத்துத் தின்ற தட்டைக் கழுவவே வேண்டாம் போலிருக்கும். அடுத்து க்ரீமில் வெந்த கோழி. அதிலும் ஒரு துண்டு மிச்சம். சாலட்டில்கூட ஓர் இலையை விட்டுவைத்தாள் மகராசி.

பிறகு சீஸ் பலகை வந்தது. முக்கோணமாக இருந்த பிரீ சீஸின் கூர்நுனிதான் அதன் உயிர்; அதற்கு மூக்கு என்றே பெயர். எல்லோருக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று பக்கவாட்டில்தான் சீவுவார்கள். லிகாயா அந்த மூக்கை ஒரே வெட்டாக வெட்டி எடுத்துக்கொண்டாள். ஒடிலின் கணவர் கஸ்தோனுக்கு ஒயின் புரையேறியது. அதோடு விட்டாளா? தட்டை வழித்துத் தின்றுவிட்டு மறுபடியும் பலகைக்குக் கை நீட்டினாள். சீஸை இரண்டாம் முறை எடுப்பதும், சமைத்தவள் போட்டது வயிற்றுக்குப் பற்றவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதும் ஒன்றுதான்.

ஒடில் காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்கு ஓடினாள். கஸ்தோன் பின்னாலேயே போனார்.

"பாத்தியா? என் கோழி வேணாமாம், கடையில வாங்குன சீஸ் மட்டும் ரெண்டு தடவ வேணுமாம்!"

"மெதுவா பேசு, காதுல விழப்போவுது."

"விழட்டும்! மணிலாவுக்கே போவட்டும். நான் இங்கயே கெடந்து சாவுறேன்."

அடுப்படி வாசலில் லிகாயா, கையில் தட்டோடு நின்றாள். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா, மதாம்?"

"என் சமையல் அவ்ளோ மோசமாம்மா? எல்லாத்துலயும் மிச்சம் வெச்சியே!"

"ஐயோ, எங்க வீட்ல அதான் மரியாதை! ஒரு வாய் மிச்சம் வெச்சா வயிறு நெறஞ்சுதுன்னு அர்த்தம். காலி பண்ணிட்டா, போட்டவங்களுக்குக் கொறச்சல். அந்தக் கோழித் துண்டு இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது."

"அப்ப சீஸ்?"

லிகாயா தலையைக் குனிந்துகொண்டாள். "அதுல மட்டும் அடக்க முடியல."

ஒடிலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவள் கையைப் பிடித்து மேசைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தாள். பலகையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்:

"ஏம்மா, மணிலால இந்த சீஸ் கெடைக்குமா?"

"டப்பாவுல வரும். இந்த மாதிரி கெடைக்காது, மதாம்."

"அடப் பாவமே," என்று எழவு வீட்டுக் குரலில் சொன்ன ஒடில், புதுசாக இன்னொரு பிரீயைப் பிரித்து, அதன் மூக்கைத் தன் கையாலேயே வெட்டி லிகாயாவின் தட்டில் வைத்தாள்.

கஸ்தோனுக்குப் பொறுக்கவில்லை. "கட்டிக்கிட்ட நாள்லேருந்து என்னை ஒரு தடவ அதத் தொட விட்டிருப்பியா?"

"நீ எங்க மணிலாவுக்கா போகப்போற?" என்றாள் ஒடில்.