நுன்சியாவிடம் இருக்கும் சாவி

ஒரெஸ்தே ஐந்தரைக்கு எழுந்தான். காப்பிக் கெண்டியை அடுப்பில் வைத்தான். அது பொங்குவதற்குள் சவரம் செய்தான். இரண்டு கோப்பை வந்தது. ஒன்றைக் குடித்தான், மற்றதைத் தொட்டியில் ஊற்றினான். வீட்டைப் பூட்டிக்கொண்டு ரோமிலிருந்து நேப்பிள்ஸ் போகும் ரயிலில் ஏறினான்.

அவனும் லிவியாவும் ஊர் ஊராகப் போனவர்கள். கூட்டம் மொய்க்கும் அருங்காட்சியகம் எதுவும் அவளுக்கு ஆகாது. யாரும் எட்டிப் பார்க்காத இடங்களாகத் தேடுவாள். நேப்பிள்ஸில், ஒரு சந்தில் இருந்த சிற்றாலயத்துக்கு இரண்டு தடவை வந்தார்கள். உள்ளே, இறந்த இயேசுவைச் சுற்றி ஆளுயரத்தில் ஏழு சுடுமண் சிலைகள், ஐந்நூறு வயது. இரண்டு தடவையும் பூட்டைத்தான் பார்த்தார்கள். ஒருமுறை மதியச் சாப்பாட்டு நேரம். மறுமுறை சாவி வைத்திருந்தவளின் மகளுக்குக் கல்யாணம்.

பிப்ரவரியில் லிவியா இறந்தாள். இது அக்டோபர். நாளை சிலைகளைப் பழுது பார்க்க எடுத்துப் போகிறார்கள். திரும்பி வர நான்கு வருடம். இன்று விட்டால் விட்டதுதான்.

சாவி, எதிரே நுன்சியாவின் பார்லரில். ஷட்டர் இறங்கியிருந்தது.

பக்கத்துக் காப்பிக்கடை ஆனியெல்லோ கைகொட்டிச் சிரித்தார். "தம்பி, திங்கக்கிழமை எந்த ஊர்ல பார்லர் திறக்கிறாங்க? இத்தாலியிலதான் பொறந்தியா, இல்ல நிலாவுலயா?"

ஒரெஸ்தேவுக்கே வெட்கமாகிவிட்டது. சிலைகள் போகும் தேதியை எண்ணியவன் கிழமையை எண்ணவில்லை.

"நாளைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்களே."

ஆனியெல்லோ பேச்சிலேயே ஊரைக் கண்டுகொண்டு, அண்ணாந்து கூவினார். "நுன்சியா! ரோமாபுரியிலேர்ந்து ஆள் வந்திருக்கு!"

மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. தலை முழுக்கச் சாயம், மேலே பிளாஸ்டிக் உறை.

"லீவுன்னு ஷட்டருக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?"

"ஒரு அஞ்சு நிமிஷம் வாங்கக்கா."

"இந்தக் கோலத்துல தெருவுல இறங்கினா அப்புறம் எவ என்கிட்ட தலையைக் குடுப்பா? கூடை விடறேன். அடையாள அட்டையைப் போடு, சாவி வரும்."

கயிற்றில் கூடை இறங்கியது. பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துப் போட்டான். கூடை ஏறியது. மேலே வெடிச்சிரிப்பு.

"ஏ ராசா! லிவியா, பச்சைக் கண்ணு, நூத்தி அறுபது சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. எப்போ இவ்ளோ உசரம் வளர்ந்தே?"

நாலைந்து ஜன்னல்கள் திறந்தன. சந்தே சிரித்தது. ஒரெஸ்தே பர்ஸைப் பார்த்தான். அவன் அட்டை உள்ளேயே இருந்தது.

"அது என் சம்சாரம். இறந்துட்டா. மாத்திப் போட்டுட்டேன்."

ஆனியெல்லோ துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார். மாடி ஜன்னல் காலியானது. சற்று நேரத்தில் தெருக்கதவு திறந்தது. வீட்டுச் செருப்பும் பிளாஸ்டிக் உறையுமாக நுன்சியா வெளியே வந்தாள். காதோரம் சாயம் வழிந்துகொண்டிருந்தது.

"எவனாவது சிரிச்சான், அடுத்த தடவை காதோட சேர்த்து வெட்டிருவேன்" என்று சந்துக்கே அறிவித்துவிட்டுப் பூட்டைத் திறந்தாள். லிவியாவின் அட்டையை அவன் கையிலேயே கொடுத்தாள்.

உள்ளே விளக்கைப் போட்டதும் ஏழு பேரும் நின்றார்கள். ஒருத்தி வாய் பிளந்து அலறியபடி ஓடிவந்தாள். அவள் கூந்தல் பின்னால் பறந்தது. அழுகை வந்துவிடுமோ என்று பயந்துதான் வந்திருந்தான். வரவில்லை.

"இவ தலையைப் பாரு. ஐந்நூறு வருஷமா சீப்பே படலை. எனக்குக் கை துறுதுறுங்குது."

ஒரெஸ்தே சிரித்துவிட்டான். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. கூரை வரை போய் எதிரொலித்தது.

"இதைப் பாருன்னு அவதான் சொன்னாளா, கடைசியா?"

கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்ட மாமியாரிடம், 'உங்களைத்தான் கேட்டாள்' என்று சொல்லியிருந்தான். பாதிரியாரிடம், 'பயமில்லை என்றாள்' என்று. இவளிடம் அப்படி எதுவும் வாயில் வரவில்லை.

"இல்லக்கா. கண்ணைத் திறந்து என்னை மேலயும் கீழயும் பார்த்தா."

"பார்த்து?"

"'ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருக்கே, லூசு. போய் மாத்திட்டு வா.'"