ஓரிக்கைக் கிணற்றில் ஓடும் கார்

2003 ஆடியிலிருந்து, காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் அந்தோணியின் கிணற்றுக்குள் ஒரு மின்சாரக் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்பு அது வறண்ட கிணறு. லாரி ஓட்டிச் சேர்த்த காசில் அந்தோணி நிலம் வாங்கிய வருடமே ஊற்று கைவிட்டிருந்தது.

கார் அவர் மகள் எஸ்தருடையது. அந்த வீட்டின் முதல் பட்டதாரி. ஒரு கார் கம்பெனியின் மின்சார வண்டிப் பிரிவில் சேர்ந்தாள். புகையில்லை, சத்தமில்லை, விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனிக்கு நஷ்டம். டீசல் வண்டியின் லாபத்தில் இதை எத்தனை காலம் ஊட்டி வளர்ப்பது என்று மேலிடம் அலுத்துக்கொண்டது. பிரிவை மூடி, வண்டிகளை நசுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நிறைவேற்ற வேண்டியவர் கணக்கு மேலாளர் தேசிகன், சின்ன காஞ்சிபுரத்துக்காரர்.

எஸ்தர் அவர் மேசைமுன் நின்று கத்தினாள். “உங்க அத்தி வரதரை நாப்பது வருஷம் குளத்துக்குள்ள வெக்கிறீங்களே சார், இன்னா லாபம்னு யாராவது கேட்டீங்களா? எங்க வண்டிக்கு நாலு வருஷம் பொறுக்க முடியலியா?”

“அவர் பெருமாள்மா. இது பேட்டரி.”

“காத்துக்கினு இருக்கிற ஜனம் ஒண்ணுதானே சார்?”

குத்திக்காட்டத்தான் சொன்னாள். வரதர் நீரைவிட்டு வெளியே வந்த வருடத்தை வைத்துப் பிள்ளைகளின் வயதைச் சொல்லும் தெருவில் பிறந்த தேசிகன், அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். கடைசி வண்டியைப் பழைய இரும்பென்று அவள் பெயரில் எழுதிவிட்டு, “தண்ணிக்குள்ள வை. அவசரப்பட்டு எடுத்துடாதே” என்றார்.

ஊரில் தண்ணீர் எங்கே இருந்தது? எஸ்தர் கோபத்தோடு கிரேன் வைத்து வறண்ட கிணற்றிலேயே இறக்கினாள். “வேலைய வுட்டுட்டு இரும்பக் கொண்ணாந்து கிணத்துல போடறியே, இதுக்காம்மா படிச்சே?” என்றார் அந்தோணி. சக்கரம் தரை தொட்டதும் ஊற்று திறந்தது. பொழுது சாய்வதற்குள் காரின் கூரை முழுகியது. முகப்பு விளக்குகள் அடியில் எரிந்தன.

எஸ்தர் வேறு கம்பெனியில் டீசல் எஞ்சின் வேலைக்குப் போனாள். வீடு திரும்பியதும் கிணற்றுச் சுவரில் கை வைப்பாள். இப்போதுதான் வந்து நின்ற வண்டி போலச் சுவர் சுடும். அந்தக் காரை அவள் சோதனைத் திடலைத் தாண்டி ஓட்டியதேயில்லை. காந்தி ரோட்டில், சேலைக் கடைகளைத் தாண்டி, சத்தமில்லாமல் ஒரே ஒரு தரம் போய்வந்தால் போதும் என்றிருந்தது. தூர் வாரக் குதித்தவர்களோ, மீட்டரில் கிலோமீட்டர் ஏறியிருப்பதாகவும், டயரில் இந்தப் பக்கம் கிடைக்காத செம்மண் ஒட்டியிருப்பதாகவும் சொல்லிவிட்டுக் கூலி வாங்கிப் போனார்கள்.

2009இல் பழைய கம்பெனிக்காரர்கள் டீசல் ஜீப்பில் வந்தார்கள். மறுபடியும் மின்சார வண்டி செய்யப்போகிறார்களாம். மாதிரிக்கு அது வேண்டுமாம்.

“நஷ்டம்னீங்களே?”

“இப்பவும் நஷ்டம்தான் மேடம். இன்னொருத்தன் முந்திக்கக் கூடாதில்ல?”

எஸ்தர் கிணற்றுச் சுவரில் கை வைத்தாள். சரி என்றால் நாளைக்கே காந்தி ரோடு. அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். விளக்குகள் நிதானமாக எரிந்தன.

“அடுத்த வருஷம் லாபம் வரலேன்னா மறுபடியும் நசுக்குவீங்க. இது நாப்பது வருஷம் முடிஞ்சுதான் மேல வரும். அதுவரைக்கும் நஷ்டத்துலயே புதுசா செஞ்சு பழகுங்க.”

ஜீப் புகை கக்கிக்கொண்டு போனது. பேருந்தில் இப்போது ‘கார் கிணறு’ என்றே நிறுத்தம் கேட்கிறார்கள். கூரையில் இடிக்காதபடி வாளியைச் சாய்த்து இறக்கப் பெண்கள் பழகிவிட்டார்கள்; மார்கழியிலும் வெந்நீர். எஸ்தர் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் காலாவதியாக விடுவதில்லை.