வள்ளத்துக்கு ஒரு சொல், கப்பலுக்கு ஒரு சொல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கோ, என் கண்மணிகளே. எருக்கலம்பிட்டி ஹிதாயா தன் புருசனை வேவு பார்த்த கதையைச் சொல்கிறேன்.

ஹிதாயாவின் புருசன் வஸீர் வள்ளக்காரன். பல வருஷம் கட்டார் நாட்டில் வேலைக்குக் கிடந்துவிட்டு வந்தவன். இனி உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்லித்தான் வள்ளமே வாங்கினான். அப்படிப்பட்டவன் இந்த மாரிகாலத்தோடு ஒரு மாதிரியாகிவிட்டான். குசினியில் உப்புப் போத்தலை மேசைக்கு மேலே வைப்பான், கீழே வைப்பான், அலுமாரிக்குப் பின்னால் ஒளிப்பான். வாய் எதையோ முணுமுணுக்கும். இவள் தலை தெரிந்தால் நிறுத்திவிடுவான்.

யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் எண்ணினாள். கதவோரம் நின்று காதைக் கொடுத்தபோது, அது இங்கிலீசு. மன்னாரில் மீன் பிடிக்கிறவனுக்கு எதற்கு இங்கிலீசு?

மறுநாள் தேத்தண்ணியை வைத்துவிட்டு முன்னால் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உப்புப் போத்தலோட என்ன கதை?"

வஸீர் நெளிந்தான். "சாமான் எங்க இருக்குதெண்டு சொல்லுற சொல்லுகள். நாங்க மேசையச் சொல்லிப்போட்டு 'மேல' எண்டுறம். இங்கிலீசுக்காரர் மேலயச் சொல்லிப்போட்டுத்தான் மேசைக்கு வருவாங்கள். ஒன் த டேபிள். ஒன் எண்டா மேல."

"வள்ளத்தில இருந்தா?"

"இன், உள்ளுக்கெண்டு. கப்பலெண்டா ஒன்."

"கப்பலும் படிச்சாச்சோ?" அவள் குரல் இறங்கியது. "பிளேனுக்கு?"

"அதுக்கும் ஒன்தான்."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப ஏற ஆயத்தம். எனக்கு மட்டும்தான் சொல்லேல்ல."

"அல்லாவே, இல்ல புள்ள. வள்ளத்தில ஊர் பாக்க வாற வெள்ளைக்காரர் பிளேனில வந்த கதையத்தான் முதல் கதைப்பாங்கள்."

பிறகு உண்மை மெல்ல வந்தது. போன மாதம் பூநாரை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரச் சோடியை, வஸீர் சேற்றுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லப் போய், சேற்றுக்குள் நிற்கச் சொல்லிவிட்டான். பாவங்கள், சொல் தட்டாமல் முழங்கால் புதைய இறங்கி நின்றார்கள். நங்கூரக் கயிறு போட்டுத்தான் இழுத்தெடுத்தான்.

"உனக்குச் சொன்னா ஊரே சிரிக்கும்," என்றான்.

ஹிதாயா சிரித்தாள். ஆனாலும் நெஞ்சில் ஒரு முள் கிடந்தது. கதிரையை அவனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"எனக்கும் சொல்லித் தாங்கோ. நீங்க எந்தப் பாசையில 'போறன்' எண்டு சொன்னாலும் எனக்கு விளங்கோணும்."

"சந்தேகம் போகேல்ல போல."

"படிச்சு முடியப் பாப்பம்."

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்துதான் படிக்கிறார்கள். வஸீரும் இன்றுவரை ஊரில்தான் இருக்கிறான். உங்கள் வீட்டு அடுப்பும் அணையாமல் எரியட்டும், பிள்ளையள். கடலுக்குப் போன உங்கள் ஆட்கள் பொழுதுபட முன் கரை சேரட்டும்.