சல்லடை அக்கா பொறுக்கிய அரிசி

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாகப் பிறந்திருக்க வேண்டியது. உணவுத் துறை அலுவலகத்தில் ஒருவர், சத்து சேர்த்த அரிசியைப் பற்றி எல்லாருக்கும் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். உட்கார்ந்தேன். "இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை மனித உடலுக்கு—"

கொட்டாவி வந்துவிட்டது. எழுதுகிற எனக்கே கொட்டாவி என்றால் வாசிக்கிறவர் குறட்டையே விடுவார். வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு ஒரு சமையல்காரியை நினைக்கத் தொடங்கினேன். துண்டறிக்கையை இன்னும் கொடுத்தபாடில்லை. அவர் உங்களிடம் கேட்டால் நான் ஊரில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

2

முதல் தொடக்கம்: "அதிகாலை. அடுப்பில் உலை கொதித்தது." (வேண்டாம். எத்தனை கதைகளில்தான் உலை கொதிக்கும்?)

இரண்டாம் தொடக்கம்: அந்தத் தையல் ஆலையின் உணவுக்கூடத்தில் 'சல்லடை அக்கா' என்றால் தெரியாதவர் இல்லை. அவள் ஆக்கிய சோற்றில் யாரும் கல்லைக் கடித்ததில்லை. அரிசியைத் தகர மேசையில் பரப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். கூட வேலை செய்யும் உதவிக்காரி ஒரு கருப்பு அரிசியை விட்டாலும் போச்சு, அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

சரி, இதுவே இருக்கட்டும்.

கொஞ்ச காலமாக வருகிற மூட்டைகளில், லேசான மஞ்சளாக, வழவழவென்று சில அரிசிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. கழுவினால் சிலது மிதந்தது. பிளாஸ்டிக்கைக் கலந்துவிட்டார்கள் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். பொறுக்கிப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தாள். கிடங்குக்காரரிடம் ஆதாரத்தோடு சண்டை பிடிக்க வேண்டாமா?

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் சத்துகளைப் பிசைந்து, மறுபடி அரிசி வடிவத்தில் அச்சில் எடுத்து, சுமார் நூறு அரிசிக்கு ஒன்று என்று கலக்கிறார்கள். மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. மூட்டையை யார் படிக்கிறார்கள்? கிழித்துத்தானே திறக்கிறோம்.)

3

இங்கே எனக்கே சந்தேகம் தட்டியது. ஆலை நிறையப் பேருக்கு ஆக்கும் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்றால், பொறுக்கி முடிய விடிந்துவிடாதா? அதனால் ஆலையைச் சின்னதாக்கிவிட்டேன். ஒரே ஒரு கூடம், இரண்டு வரிசை மெஷின்.

அதில் ஒரு மெஷின் சல்லடை அக்காவின் மருமகளுடையது. வயிற்றில் பிள்ளை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், தைத்துக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டும். ரத்தம் ரொம்பக் குறைவு, பிரசவத்தில் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து மாமியார், பிளாஸ்டிக் இவள் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது என்று முன்பைவிட உன்னிப்பாகப் பொறுக்கினாள்.

(மாமியாரைக் கொடுமைக்காரியாக எழுதச் சொல்லி என் கை அரித்தது. பழகிப்போன கை. அடக்கிக்கொண்டேன்.)

4

சுகாதார நிலையத்து நர்ஸ், இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் போடச் சொன்னார். ஆலையில் சத்து சேர்த்த அரிசிதானே, நன்றாகச் சாப்பிடு என்றார். அது எப்படி இருக்கும் என்று மருமகள் கேட்க, கொஞ்சம் மஞ்சளாக இடையிடையே கலந்திருக்கும் என்றார். இதைத்தானா அத்தை பிளாஸ்டிக் என்கிறார் என்று மருமகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அத்தையின் டப்பா நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இதை எப்படிச் சொல்வது? ஒரு வடிவத்தில் இருவரையும் சண்டை போட வைத்தேன். கிழித்தேன். இன்னொன்றில், அத்தை மனம் நோகுமே என்று மருமகள் வாயே திறக்கவில்லை. (நாகரிகம்தான். ஆனால் தட்டில் சத்து இருக்காதே.) கடைசியில் அவளைச் சமையலறைக்கே அனுப்பினேன். அவள் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அத்தை, இது பிளாஸ்டிக் இல்லையாம். என்னை மாதிரி ரத்தம் இல்லாதவங்களுக்காகத்தான் கலக்குறாங்களாம்."

சல்லடை அக்கா மூடியைத் திறந்தாள். டப்பா கழுத்துவரை நிரம்பியிருந்தது.

"அப்ப இவ்வளவும் உங்க எல்லார் தட்டுலயும் இருந்திருக்க வேண்டியதா?"

சுத்தத்துக்குப் பேர் வாங்கிய கை, ஆசை ஆசையாகப் பொறுக்கி மருமகளுக்கு வேண்டியதைத்தான் ஒதுக்கியிருக்கிறது. சல்லடை அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுதும்போது எனக்கும்தான், மறைப்பானேன்.

மருமகள் அந்தக் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல்— (நிறுத்து. இது சினிமா.) மருமகள், பசிக்கிறது அத்தை, சோற்றைப் போடுங்கள் என்றாள்.

5

முடிவு ஒன்று: டப்பாவை அப்படியே உலையில் கொட்டுகிறாள். (கூடாது. அளவாகக் கலந்தால்தான் நல்லது. நர்ஸ் என்னைத் திட்டுவார்.)

முடிவு இரண்டு: அடுத்த வாரமே ரத்தம் கிடுகிடுவென ஏறி, குழந்தை கொழுகொழுவென்று— (அலுவலகக்காரருக்குப் பிடிக்கும். ஆனால் ரத்தம் அவ்வளவு அவசரப்படாது. மாத்திரையும் சோறும் மாதக்கணக்கில் சேர்ந்து பார்க்கிற வேலை அது.)

எனக்குத் தெரிந்தது மறுநாள் காலை வரைக்கும்தான். மேசையில் அரிசி பரப்பியிருந்தது. சல்லடை அக்கா கல்லை எடுத்தாள், உமியை எடுத்தாள். மஞ்சளாக ஒன்று கண்ணில் பட்டது. பழக்கத்தில் கை போனது, பாதியில் நின்றது. எதிரே இருந்த உதவிக்காரி இப்படி ஒரு நாளுக்காகத்தானே இத்தனை காலம் காத்திருந்தாள்!

"அக்கா, ஒண்ணை விட்டுட்டீங்க."

"விடலடி. வெச்சிருக்கேன்."

உதவிக்காரி அதை நம்பினாளா, சல்லடையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று ஆலை முழுக்கச் சொல்லிச் சிரித்தாளா, எனக்குத் தெரியாது. பிரசவத்தையும் நான் எழுதப்போவதில்லை. நல்லபடியாக ஆகும் என்று நம்புகிறேன், அவ்வளவுதான். உங்கள் வீட்டு அரிசியிலும் மஞ்சளாக ஒன்று கிடக்கலாம். கை தானாகப் போகும். ஒரு நிமிடம் நிறுத்தி, மூட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். இந்தக் கதையின் முடிவை நான் விட்டுவிடவில்லை. அந்த மஞ்சள் அரிசியில்தான் வைத்திருக்கிறேன்.