ஒன்பது மா சாவி

வடபழனியில் எங்கள் சேனல் அலுவலகத்தின் நான்காவது மாடியில், சுவரை அடைத்த திரையில், என் அப்பா வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். பர்வின் மேடம் வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டார். "ஒம்போது மாவும் சாவியாப் போச்சுங்க. இந்தச் சாவிய வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பண்றது?" மூன்றாவது முறை ஓடியபோது அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாகத்தான், ஆனால் சிரித்தேன்.

"எந்த வீட்டுச் சாவி, எங்க தொலைச்சாரு, ஒண்ணுமே புரியல" என்றார் மேடம். "ரெஜின், நீங்க தஞ்சாவூர்ப் பக்கம்தானே? தெரிஞ்சவரா?"

"இல்லங்க மேடம்."

எங்கள் பக்கம் மூன்று மா ஓர் ஏக்கர்; பால் பிடிக்காத நெல்லுக்குச் சாவி என்று பெயர். பூக்கிற நேரத்தில் மழை அடித்தால் கதிர் வரும், உமி வரும், உள்ளே அரிசி இருக்காது. மணி பிடித்த கதிர் தலையைச் சாய்த்துக்கொள்ளும். சாவிக்குப் பாரம் கிடையாது, விறைப்பாக நிற்கும். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், டவுனில் சொந்த வீடு என்று வேலையில் சேர்ந்த அன்றே அளந்து வைத்திருந்தேன். என் பெயர் கே. ரெஜின். அந்தக் கே என்பது குழந்தைராஜா, அப்பாவின் பெயர். அது யார் என்று சென்னையில் எவனும் கேட்டதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இங்கே அவ்வளவு சுலபம். வீடியோக்களுக்குத் தலைப்பு எழுதுவது என் வேலை. 'சாவியைத் தொலைத்த விவசாயி' என்று எழுதினேன். மேடம் சூப்பர் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மனசு குளிர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே வாரத்தில் நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். யாரோ பூட்டு திறக்கும் சத்தத்தைச் சேர்த்தார்கள். வரப்போகும் ஒரு படத்தின் விளம்பரத்தில் கதாநாயகன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு அப்பாவின் வசனத்தைப் பேசினான். ஷேர் ஆட்டோவில் இரண்டு கல்லூரிப் பெண்கள் அதையே அப்பாவின் இழுவையோடு பேசிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பா கூப்பிட்டார். அவரிடம் இருப்பது பட்டன் போன்.

"உன் சேனல்லதான் தம்பி பேசுனேன். பாத்தியா?"

"பாத்தேம்பா."

"மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுல பசங்க அடையாளம் கண்டுக்குறானுவ. பைக் சாவியத் தூக்கிக் காட்டி, பெருசு வேணுமாங்குறான். கொண்டாந்து வுடுறேங்குறான் போல. நான்தான் பஸ்லயே போயிக்கிறேன்னுட்டேன். நல்ல புள்ளைவ."

பைக் சாவியும் தெரியும், நெல்லுச் சாவியும் தெரியும் அவருக்கு. வயலில் நின்று சொன்ன வார்த்தையை ஒருவன் பூட்டில் கொண்டுபோய் மாட்டுவான் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. சொல்ல வாயெடுத்தேன்.

"நான் உங்கப்பன்னு அந்த ரிப்போர்ட்டர்கிட்ட மூச்சு வுடலடா. வேலை நெலைக்கிற வரைக்கும் வேணாம்னியே" என்றார். எனக்கு அழுகை வந்தது. மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் மேடம் என்னையும் கேமராமேன் அஸாரையும் கூப்பிட்டார். "சாவிப் பெருச நேர்ல போய் ஒரு பேட்டி எடுங்க. போறப்ப பெரிய பூட்டா ஒண்ணு வாங்கிக்கங்க. அவர் கையில குடுத்து எடுக்கணும்."

அஸார் பாரிமுனையில் ஒரு கிலோ எடையில் பித்தளைப் பூட்டு வாங்கி வந்தான். விக்கிரவாண்டியில் டீ குடிக்கும்போது அவனிடம் சொல்லிவிட நினைத்தேன். கும்பகோணத்திலும் நினைத்தேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது, இருபது நிமிடம் சும்மா கிடைத்தது. அப்போதும் சொல்லவில்லை. எங்கள் ஊர் முனையில் இராயப்பர் கெபி, புனித பேதுருவின் சின்னக் குகைக்கோயில். கையில் இரண்டு திறவுகோலோடு நிற்பார். "இவருகிட்டயும் சாவி இருக்கு பார்றா" என்றான் அஸார். நான் தலையைக் குனிந்துகொண்டு, ஊருக்குள் போகாமல் வாய்க்கால் கரையோடு வண்டியை விடச் சொன்னேன்.

உள்ளூர் நிருபர் சொல்லி வைத்திருந்ததால், அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் காத்திருந்தார். திருநாளுக்கு எடுத்த சட்டை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, கையைப் பாதி தூக்கிவிட்டார்.

"வணக்கம்யா. இவரு ரெஜின், எங்க ரிப்போர்ட்டர்" என்றான் அஸார். "உங்களப் பாக்கணும்னே முத தடவையா உங்க ஊருக்கு வர்றாரு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் குனிந்து கேமரா ஸ்டாண்டின் காலைத் திருகிக்கொண்டிருந்தேன். தூக்கிய கையோடு இன்னொரு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"அப்புடிங்களா. வாங்க சார். வெயில்ல வந்துருக்கீங்க."

இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயால் எனக்கு விழுந்த முதல் 'ங்க'. செத்துவிடலாம் போலிருந்தது. மைக்கைச் சட்டையில் மாட்டக் கிட்டே போனபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி, "சாப்ட்டியா" என்றார்.

நான் தலையாட்டினேன். அஸார் பூட்டை அவர் கையில் கொடுத்தான்.

"இது எதுக்கு தம்பி?"

"சும்மா ஜாலிக்குதான்யா. நீங்க சாவி தொலைச்சது ஊரு பூரா ஃபேமஸு. இதத் தூக்கிக் காட்டி அதே டயலாக்க இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அப்பா பூட்டைத் திருப்பிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டுப் பையன்கள் ஒவ்வொருவராக அவர் முகத்தில் வந்து போனது எனக்குத் தெரிந்தது. குனிந்து ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். கையில் எதுவும் மிஞ்சவில்லை.

"சார் சொன்னா தூக்கிக் காட்டுறேன்" என்றார்.

"ரோலிங்" என்றான் அஸார். பிறகு என்னிடம், "சொல்லுடா."

அப்பா பூட்டை இடுப்புயரத்தில் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒன்பது மாவிலும் கதிர்கள் ஒன்றுகூடத் தலை சாயாமல் நிமிர்ந்து நின்றன.