தனுசுக்கு வெற்றிலை வைத்தது

வடக்கு நோர்வேயில் பிறக்கிற தமிழ்ப் பிள்ளைகளின் சாதகத்தில் பதினொரு கட்டம்தான். தனுசு அந்தக் கடலுக்கு மேலே எழும்புவதில்லை. எழும்பாததற்குக் கட்டம் கீறி என்ன செய்ய என்று சாத்திரியார் விட்டுவிடுவார். ஒருவரும் குறை சொன்னதில்லை.

புவனலோசனியின் மகன் கிருபாகரனுக்குச் சிங்க லக்கினம். பிள்ளைப் பாக்கியம் சொல்லுகிற ஐந்தாமிடம் தனுசிலே விழ வேண்டியது, விழுவதற்கு இடமில்லை. அவன் விரும்பின துஷ்யந்தி ஒஸ்லோக்காரி, பன்னிரண்டு கட்டத்தோடு பிறந்தவள். அவளுடைய தாய் மனோரஞ்சிதம் சாதகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஐந்தாமிடம் வந்தால்தான் பொம்பிளை தருவேன் என்று சொல்லிவிட்டாள். நியாயம்தானே. பேரப்பிள்ளை எந்த வாசலால் வரும்?

சாமிப்படத்துக்கு முன்னால் கண்ணை மூடி இருந்தபோதுதான் புவனலோசனிக்குப் பிழை விளங்கியது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நல்ல காரியம் எதுவென்றாலும் நவக்கிரகங்களைக் கும்பிட்டு அழைத்திருக்கிறாள். தனுசை ஒருவரும் முறையாக அழைக்கவில்லை. அழையாத வீட்டுக்கு யார் வருவார்கள்? தொலைபேசியில் சொல்வதும் மரியாதை இல்லை. வெற்றிலை, பாக்கு, குங்குமம் வைத்த தட்டோடு தெற்கே போகிற கப்பலில் ஏறினாள்.

போகப் போக, ஒரு விடியலில், தனுசு கடலுக்கு மேலே தோள்வரை எழும்பி நின்றது. புவனலோசனி கப்பல் கம்பிக்கு மேலாலே தட்டை நீட்டினாள்.

"மகன்ரை கலியாணம். நீங்கள் ஒருக்கா வந்து எழும்பிப்போட்டுப் போகவேணும்."

தனுசு வெற்றிலையை எடுத்துக்கொண்டது. வர விருப்பம்தான், ஆனால் எதிரே மிதுனம் இறங்கினால்தான் தான் ஏறலாம், அங்கே அது இறங்குகிறதே இல்லை என்று சொன்னது. வழியில் குளிருமோ என்றும் கேட்டது. குளிருக்குத் தான் போட்டு வந்த கிருபாகரனின் பழைய கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தாள்.

மிதுனம் இரட்டையர். புவனலோசனி வீட்டுக்கு எதிரே இருக்கிற மீன் தொழிற்சாலைக் கூரைக்கு மேலே எந்நாளும் நின்றபடிதான். இருந்து ஒரு வாய் சாப்பிட்டறியாத பிள்ளைகள். புவனலோசனி யன்னலைத் திறந்தாள்.

"வடை சுடுறன், இறங்கி வாங்கோ பிள்ளையள். ஆறினால் நல்லாயிராது."

இரண்டு பேரும் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அவர்கள் மூன்றாவது வடையைக் கடிக்கும்போது கடலில் தனுசு எழும்பியது, சட்டையைப் போட்டுக்கொண்டு. சாத்திரியார் கட்டத்தைக் கீறினார். ஒஸ்லோவிலிருந்து வந்திருந்த மனோரஞ்சிதம் யன்னலால் நெடுநேரம் பார்த்தாள்.

"சட்டை கொஞ்சம் பெரிசு, சம்மந்தி" என்றாள்.

சம்மந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் புவனலோசனி பாயசத்துக்குப் பால் வைத்தாள்.

கலியாணம் முடிந்தும் மிதுனம் திரும்பிப் போகவில்லை. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்துவிட்டது. அதனால் தனுசும் இறங்கவில்லை.

அடுத்த வருடம் பேத்தி பிறந்தாள். அவளுடைய சாதகத்தில் பதின்மூன்று கட்டம் இருந்தது. பதின்மூன்றாவது, அப்பம்மாவின் அடுப்படி. அடுப்பு எந்தப் பக்கம் பார்த்தது என்பதை மட்டும் சாத்திரியார் கேட்டார். கிழக்கு என்று சொல்லிவிட்டு, பேத்தியைத் தோளில் போட்டபடி, இரட்டையரில் மூத்தவனிடம் உழுந்தை ஊறப்போடச் சொன்னாள் புவனலோசனி.